பல்லாவரம் சந்தையில் பழைய சாமான் வாங்குவது எப்படி: பட்டியல் போடுவதிலிருந்து பழக்கி எடுப்பது வரை

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தையில் தேக்கு நாற்காலி, பித்தளைத் தவலை, வார்ப்பிரும்பு தோசைக்கல், சீலிங் ஃபேன், தையல் மெஷின், எக்ஸ்போர்ட் துணி, பழைய கதவு ஜன்னல் என்று எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். முதல்முறை போகிறவர்களில் பாதிப் பேர் மலைத்துப்போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். மீதிப் பேர் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்கு ஆகாத நாலு பொருளை அள்ளி வந்து, பரணில் போட்டுவிடுகிறார்கள்.

துருவுக்கும் அழுக்குக்கும் அடியில் ஒரு நல்ல பொருளைக் கண்டுபிடித்து, அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வீட்டில் முப்பது வருஷம் உழைக்கவைப்பதில் இருக்கும் சந்தோஷம் அலாதியானது. அது கிடைக்க ஒரு வரிசை உண்டு. முதலில் தேவை, அடுத்து பொருளின் நிலை, அதற்கடுத்து பழுதுச் செலவு, கடைசியில்தான் விலை. புதியவர்கள் தடுமாறுவதெல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விலையில் ஆரம்பிப்பதால்தான். கீழே உள்ள படிகள் பல்லாவரத்தை வைத்து எழுதியவை. எந்தப் பழைய சாமான் சந்தைக்கும் பொருந்தும்.

1. வியாழக்கிழமை வேலை: அளவும் பட்டியலும்

மூன்று பொருளுக்கு மேல் பட்டியலில் வேண்டாம். சந்தையில் கண்ணில் படும் சாமான்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கண் அங்கே நிற்கும்.

மரச்சாமான் வாங்குவதாக இருந்தால், அது நிற்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, வாசற்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம், லிஃப்ட் கதவின் அகலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பீரோ அறைக்குப் பொருந்தும், படிக்கட்டில் திரும்பாது. வாங்கிய பிறகு இது தெரிந்தால் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்ற வேண்டும், அந்தக் கூலி பீரோ விலையைத் தாண்டிவிடும்.

தோசைக்கல், கடாய் என்றால் உங்கள் அடுப்பின் பர்னர் அளவைப் பாருங்கள். வீட்டு அடுப்புக்கு 10 முதல் 12 அங்குலக் கல் போதும். அதற்கு மேல் போனால் நடு சூடாகும், ஓரம் வேகாது.

கடைசியாக, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் புதிதாக என்ன விலை என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் பேரத்துக்குப் போனால், வியாபாரி சொல்லும் விலையிலிருந்து எவ்வளவு குறைத்தோம் என்பதுதான் மனதில் நிற்கும். பொருளின் பெறுமதி கணக்கிலேயே வராது.

2. பையில் இருக்க வேண்டியவை

சின்னக் காந்தம் ஒன்று. கழற்றிப்போட்ட பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே போதும். பித்தளையா, பித்தளை முலாம் பூசிய இரும்பா என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

இஞ்ச் டேப், டார்ச், நுனி தட்டையான ஸ்க்ரூடிரைவர், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஈரத்துணி, ஒரு துண்டு சாக்பீஸ், சிறு குப்பியில் தையல் மெஷின் எண்ணெய். ரேடியோ, கடிகாரம், பொம்மை பார்ப்பதாக இருந்தால் புது பேட்டரி இரண்டு அளவுகளில். தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு கைத்தராசு, பாத்திரம் வாங்குகிறவர்களுக்குக் கட்டாயம்.

கையுறை வேண்டும். துருப்பிடித்த தகடு, உடைந்த கண்ணாடி, ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை எல்லாவற்றிலும் கை வைக்கப்போகிறீர்கள்.

பணத்தை 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துப்போங்கள். ஜிபே வாங்குகிறவர்கள் நிறைய உண்டு. ஆனாலும் 350 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், சில்லறை இல்லை என்பதிலேயே பேரம் மறுபடி தொடங்கும்.

3. முதல் சுற்று: கை கட்டிக்கொண்டு நடப்பது

புறநகர் ரயிலில் பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். சொந்த வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப்பொழுது கரையும்.

நல்ல பொருள் வேண்டுமென்றால் காலையில் போங்கள். மூட்டை பிரிக்கும்போதே மறுவியாபாரிகள் வந்து நின்றுவிடுவார்கள், தேறுகிற சாமான் முதலில் அவர்கள் கைக்குப் போகும். விலைதான் முக்கியம் என்றால் மதியத்துக்குமேல் போங்கள். கட்டில், மேஜை போன்ற பெரிய சாமானைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக வண்டிக் கூலி கொடுக்க வேண்டுமே என்று வியாபாரி இறங்கிவருவார்.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். ஒரே மாதிரி பொருள் எத்தனை கடையில் இருக்கிறது, என்ன விலை சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முதல் கடையிலேயே வாங்கிவிட்டு, நாலு கடை தள்ளி அதைவிட நல்லதைப் பாதி விலைக்குப் பார்த்து வருந்துவது இந்தச் சந்தையில் அடிக்கடி நடக்கிற விஷயம். விதிவிலக்கு ஒன்று: பட்டியலில் உள்ள பொருள், நல்ல நிலையில், ஒன்றே ஒன்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சுற்றிவிட்டு வருவதற்குள் போய்விடும்.

4. வார்ப்பிரும்பு: தட்டிப் பார், தடவிப் பார்

இந்தச் சந்தையில் கொடுக்கும் காசுக்கு அதிகமாகத் திரும்பித் தரும் பொருள் எது என்று கேட்டால் தோசைக்கல்லும் பணியாரக் கல்லும்தான். பல வருஷம் தோசைத்திருப்பி உரசிய கல்லின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். புதுக் கல்லில் அந்த வழுவழுப்பு வர நீண்ட நாளாகும். துரு பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு நான்கு.

விரிசல். கல்லைப் பிடியில் தொங்கவிட்டு, ஒரு ரூபாய் நாணயத்தால் விளிம்பைத் தட்டுங்கள். மணிபோல் இழுத்து ஒலித்தால் நல்லது. ‘டப்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. எங்கே என்று பார்க்க, சந்தேகப்படும் இடத்தில் மெஷின் எண்ணெயைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதன்மேல் சாக்பீஸைத் தேயுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைச் சுண்ணத்தில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு போடும். அப்படிக் கோடு விழுந்த கல்லை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டவைக்க முடியாது, சூடேறச் சூடேற விரிசல் நீளும்.

வளைவு. சமமான கடப்பைக் கல்மேலோ சிமென்ட் தரைமேலோ வைத்து, எதிரெதிர் விளிம்புகளை மாறிமாறி அழுத்துங்கள். ஆடினால் நடு குழிந்தோ புடைத்தோ இருக்கிறது, மாவு ஒரு பக்கம் ஓடும். கேஸ் அடுப்புக்குச் சிறு குழிவு பாதகமில்லை. இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடி முழுக்கப் படிய வேண்டும்.

அரிப்பு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவுங்கள். செம்பொடியாக வரும் துரு மேலோட்டமானது, போய்விடும். குழிகுழியாகத் தட்டுப்பட்டால் இரும்பே தின்னப்பட்டிருக்கிறது. எத்தனை தேய்த்தாலும் அந்தக் குழியில் தோசை பிடிக்கும்.

காரீயம். இதுதான் பலருக்குத் தெரியாதது. பழைய பேட்டரித் தகட்டை உருக்குகிறவர்கள் அகலமான இரும்புச் சட்டியையும் கடாயையும் பயன்படுத்துவதுண்டு. உள்பக்கம் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தெறித்து உறைந்த துளிகளோ, மெல்லிய படலமோ இருந்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் கீறினால் மெழுகு மாதிரி கீறல் விழுந்தால் கீழே வைத்துவிடுங்கள். காரீயத்தின் நஞ்சு கழுவினாலோ காய்ச்சினாலோ போகாது, குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. பின்கதை தெரியாத ஆழமான சட்டியைவிட, தட்டையான தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் இந்த விஷயத்தில் பாதுகாப்பானவை.

5. பித்தளை, வெண்கலம், ஜாடி

முதலில் காந்தம். பாத்திரத்தின் உடல், அடி, பிடி மூன்றிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பித்தளையிலும் செம்பிலும் ஒட்டாது. பிடி ஆணியில் மட்டும் ஒட்டினால் கவலையில்லை. உடலில் ஒட்டினால் அது மஞ்சள் முலாம் பூசிய இரும்பு.

அடுத்து தண்ணீர். கையில் இருக்கும் ஒரு லிட்டரை ஊற்றி, உலர்ந்த தரையில் ஐந்து நிமிடம் வையுங்கள். குடத்திலும் தவலையிலும் அடிப்பகுதியைப் பற்றவைத்திருக்கும் வளையத்தில்தான் கசிவு வரும். கரி படிந்த அடியைக் கண்டிப்பாகச் சுரண்டிப் பாருங்கள், கரிக்கு அடியில் பழைய ஒட்டு ஒளிந்திருக்கலாம். தண்ணீர் பிடித்து வைக்க மட்டும் என்றாலும் ஒட்டு போட்ட குடம் ஆகாது, அந்த ஒட்டில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பூச்செடி வைக்க வாங்கலாம்.

சமைப்பதற்கென்றால் உள்ளே பார்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளி, தக்காளி, மோர் சேர்ந்த எதையும் சமைக்க உள்ளே வெள்ளீயப் (டின்) பூச்சு வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், மறுபடி வெள்ளீயம் பூசும் கூலியை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பூசக் கொடுக்கும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொடுங்கள்.

வெண்கலப் பானை தட்டினால் நீண்டு ஒலிக்கும், பித்தளை அவ்வளவு ஒலிக்காது. வெண்கலம் உறுதியானது, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும் குணம் உள்ளது. வாய்விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். அது வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்பதைச் சந்தையில் நின்று கண்ணால் சொல்ல முடியாது.

பித்தளை, செம்பு விலைக்கு ஓர் அடித்தளம் உண்டு: அன்றைய காயலாங்கடை எடை விலை. வரும் வழியில் ஒரு காயலாங்கடையில் கிலோ என்ன எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதற்குக் கீழே எந்த வியாபாரியும் தரமாட்டார், தரவும் முடியாது. அதற்கு மேல் கேட்பது வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும். அது உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பது மட்டும்தான் பேச வேண்டிய தொகை.

ஊறுகாய் ஜாடிக்கு ஒரே சோதனை. வெளிப்புறத்தில், குறிப்பாக அடிப்பாகத்தில், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூத்திருந்தால் மெருகில் விரிசல் விழுந்து உப்புநீர் ஊடுருவியிருக்கிறது. அந்த ஜாடியில் போடும் ஆவக்காய் கெட்டுப்போகும்.

6. மரச்சாமான்: முகத்தை விட்டு முதுகைப் பார்

மேலே பாலிஷ் போட்டால் எந்த மரமும் தேக்கு நிறத்துக்கு வந்துவிடும். எனவே நாற்காலியைக் கவிழ்த்துவிடுங்கள், மேஜையின் அடியில் டார்ச் அடியுங்கள், டிராயரை முழுக்க வெளியே இழுத்து அதன் அடிப்பலகையைப் பாருங்கள். பாலிஷ் படாத இடத்தில்தான் மரத்தின் நிறமும் ரேகையும் தெரியும். வெட்டுமுனையில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தெரிந்தால், அதன் கால்பகுதி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பினது உப்பினதுதான், சரிசெய்ய முடியாது.

மூட்டு. பழைய தச்சுவேலையில் ஒரு கட்டையின் நுனி அடுத்த கட்டையின் துளைக்குள் ஏறி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். நாற்காலியின் முதுகைப் பிடித்து மூலைக்கு மூலை சாய்த்து ஆட்டுங்கள். மூட்டு ஆடினால் அது சரிசெய்யக்கூடியது: பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃபெவிகால் தடவி, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட வேண்டும். பழைய பசைமேலேயே புதுப் பசை ஊற்றினால் பிடிக்காது. பலரும் செய்யும் தவறு இது. ஆணி அடித்து இறுக்கிய மூட்டு இதைவிட மோசம், ஆணி மரத்தைப் பிளந்திருக்கும்.

உளு. 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் சிறு துளைகள் இருந்தால், அந்தப் பலகையைக் கையால் தட்டுங்கள். மைதாமாவு போன்ற தூள் கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். துளை மட்டும் பழையதாகக் கறுத்து, தூள் இல்லை என்றால் அது எப்போதோ போய்விட்டிருக்கலாம். ஆனாலும் கால்கட்டை, குறுக்குச்சட்டம் போன்ற எடை தாங்கும் இடத்தில் நிறையத் துளை இருந்தால் வேண்டாம். செல்லரித்த கட்டையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் உள்ளே பொள்ளலான சத்தம் வரும்.

மூட்டைப்பூச்சி. கட்டில், சோஃபா, பிரம்பு நாற்காலி மூன்றுக்கும் இது கட்டாயச் சோதனை. திருகாணித் துளை, கட்டைகள் சேரும் இடுக்கு, துணியின் தையல் ஓரம் ஆகியவற்றில் பேனா மைத்துளி போன்ற கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு இழுத்தால் ஓடும் பூச்சியோ உதிர்ந்த தோலோ வெளியே வரும். ஒரு புள்ளி கண்டாலும் நகர்ந்துவிடுங்கள். மெத்தையும் தலையணையும் பழையதாக வாங்கவே வேண்டாம்.

பிரம்பு பின்னல் அறுந்த நாற்காலிகள் கேட்க ஆளில்லாமல் கிடக்கும். சட்டம் உறுதியாக இருந்தால் அவைதான் சந்தையின் மிகச் சிறந்த வாய்ப்பு. பின்னல் மாற்றும் கூலியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஃபேன், மிக்சி, குக்கர்

சீலிங் ஃபேனைத் தண்டில் பிடித்துத் தூக்கி, கையால் சுழற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரத்தால் பேரிங் போயிருக்கிறது, மாற்றலாம். மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்து பாருங்கள்: கருகிய வார்னிஷ் வாடை வந்தால் வைண்டிங் எரிந்திருக்கிறது, அந்தச் செலவு தேறாது. மெதுவாக ஓடும் ஃபேன் என்று ஒதுக்கிவைத்ததில் பலவற்றுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் மாற்றினாலே போதும். மூன்று இறக்கையும் ஒரே செட்டாக இருக்க வேண்டும். கலப்பு செட் என்றால் எடை மாறி, ஃபேன் தள்ளாடும்.

இதில் ஒரு கணக்கு. பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், புது பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடினால் வித்தியாசம் 162 யூனிட். இரவும் பகலும் ஓடும் கூடத்துக்குப் பழைய ஃபேன் கட்டுப்படியாகாது. எப்போதாவது ஓடும் விருந்தாளி அறைக்கு, மொட்டைமாடிக் கொட்டகைக்கு வாங்குங்கள்.

மிக்சியில் ஜாரைக் கழற்றிவிட்டு, அதன் பிளேடைச் சுழற்றும் கப்ளரைக் கையால் அசைத்துப் பாருங்கள், அதிகம் ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த மாடலுக்கு ஜார் இன்னும் கிடைக்கிறதா என்று தெரியாமல் மோட்டாரை மட்டும் வாங்க வேண்டாம். பிரஷர் குக்கர் அடி புடைத்திருந்தாலோ, மூடி முழுதாகப் பொருந்தாவிட்டாலோ தொடாதீர்கள். நன்றாக இருந்தாலும் காஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் அதே கம்பெனியின் புதிதாக மாற்றாமல் அடுப்பில் ஏற்றக்கூடாது. ஹெல்மெட், கேஸ் ரெகுலேட்டர், கேஸ் டியூப் மூன்றும் எந்த விலைக்கும் பழையதாக வேண்டாம். உள்ளே இருக்கும் சேதம் வெளியே தெரியாது.

8. துணியும் போனும்

துணியில் லேபிளில் உள்ள சைஸை நம்பாதீர்கள், துவைத்துச் சுருங்கியிருக்கும். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சட்டையின் மார்பளவும் நீளமும் குறித்துக்கொண்டு போய் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். அக்குள், காலர் மடிப்பு, பேன்ட்டின் உள்தொடை மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஜிப்பை மூன்றுமுறை ஏற்றி இறக்குங்கள். எலாஸ்டிக்கை இழுத்தால் பொரபொரவென்று சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது.

போன் வாங்குவதாக இருந்தால் *#06# அழுத்தி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். பழைய உரிமையாளரின் கணக்கு இன்னும் உள்ளே இருந்தால் வாங்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவில், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நம்ப முடியாத விலை என்பதே சந்தேகத்துக்கு ஒரு காரணம்தான்.

9. விலை பேசுவது

கேட்பதற்கு முன்பே உங்கள் உச்சவிலையை முடிவு செய்துகொள்ளுங்கள். கணக்கு எளிது. அதே தரத்தில் புது நாற்காலி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் பழையதற்குக் கொடுப்பதில்லை: 3,000. அதில் பிரம்புக் கூலி 900, வண்டி வாடகை 500 கழித்தால் மீதி 1,600. அதுதான் உச்சம். அதற்கு மேல் போனால் நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆதாயம் இல்லை. கெட்டித் தேக்குக்கும் நல்ல பழைய வார்ப்பிரும்புக்கும் மட்டும் இந்தப் பாதிக் கணக்கைத் தளர்த்தலாம்.

காலை முதல் போணி நேரத்தில் சும்மா விலை கேட்டுவிட்டுப் போகாதீர்கள். வாங்குவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள். முதல் வியாபாரம் கைகூடினால் அன்றைய நாள் நன்றாகப் போகும் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் குறைத்தே கொடுப்பார்கள். பேசிவிட்டுத் திரும்பினால் அவர்கள் மனம் நோகும்.

பொருளை மட்டம் தட்டிப் பேசினால் விலை இறங்காது. குறையைக் காட்டி, அதைச் சரிசெய்ய ஆகும் செலவைச் சொல்லுங்கள். “அண்ணே, சட்டம் நல்லா இருக்கு. பிரம்பு மொத்தமும் மாத்தணும், அதுக்கே தொள்ளாயிரம் ஆயிடும். ஆயிரத்து இருநூறுன்னா இப்பவே எடுத்துக்கறேன்.” இதில் அவருக்குப் பதில் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. “கட்டுப்படியாகாதும்மா, ஆயிரத்து ஐந்நூறு குடு” என்று வருவார். உச்சவிலைக்குள் வந்துவிட்டதென்றால் அதற்கு மேல் இழுக்காதீர்கள். கடைசி ஐம்பது ரூபாய்க்காக மல்லுக்கட்டுகிறவருக்கு, அடுத்த வாரம் நல்ல பொருள் வந்தால் யாரும் எடுத்துவைக்க மாட்டார்கள். பழகிய வியாபாரி எடுத்துவைக்கும் ஒரு பொருள், நாமே தேடும் பத்துச் சுற்றுக்குச் சமம்.

ஒரே கடையில் இரண்டு மூன்று பொருள் வேண்டுமானால் தனித்தனியாக விலை கேட்டு, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை சொல்லுங்கள்.

10. வீட்டுக்குக் கொண்டுவருவது

பெரிய சாமானுக்கு குட்டி யானை பிடிப்பதற்கு முன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எத்தனையாவது மாடி என்று எல்லாவற்றையும் சொல்லிப் பேசுங்கள். கால் நீட்டிய மேஜையைக் கவிழ்த்து ஏற்றச் சொல்லுங்கள், காலில் எடை விழுந்தால் மூட்டு தளரும்.

வாங்கியதை நேரே அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மரச்சாமான் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ ஒரு வாரம் கிடக்கட்டும், தினமும் அடியில் தூள் விழுந்திருக்கிறதா என்று வெள்ளைத்தாள் விரித்துப் பாருங்கள். வெயிலில் போட்டால் மூட்டைப்பூச்சி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கட்டையின் உள் இடுக்குவரை அந்தச் சூடு போவதில்லை. துணியை வாசலிலேயே வாளியில் ஊறவைத்து, துணி தாங்குமென்றால் வெந்நீரில் துவைத்து, தையல் ஓரங்களில் சூடாக இஸ்திரி போடுங்கள்.

11. தோசைக்கல்லைப் பழக்குவது

அவசரமில்லை என்றால் வடித்த கஞ்சியில் கல்லை மூழ்கவைத்து, தினமும் கஞ்சியை மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்துவந்தால் மூன்று நாளில் துரு இளகிவிடும். அவசரமென்றால் வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து, அரைமணி நேரம் மட்டும் ஊறவைத்துத் தேயுங்கள். இரவு முழுக்க விட்டால் அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

கழுவிய உடனே துடைத்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் காயவையுங்கள். காற்றில் உலரவிட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பிடிக்கும். சூட்டோடு அரை டீஸ்பூன் நல்லெண்ணெயை முழுக்கத் தடவி, பிறகு வேறொரு துணியால், தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்து எடுத்துவிடுங்கள். இந்தத் துடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் தடிமனாக நின்றால் அது பிசினாகி, தோசையோடு ஒட்டிக்கொண்டு வரும். லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி, அணைத்து, ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்தால் செம்மை மறைந்து சீரான கறுப்பு நிறம் வரும்.

முதல் வாரம் தோசைக்கு முன் கல்லைச் சூடாக்கி, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். முதல் நாலைந்து தோசை பிய்ந்துதான் வரும், கல்லைக் குறை சொல்லாதீர்கள். சோப்பும் கம்பி நாரும் படக்கூடாது. புளித்தொக்கு, தக்காளி எதையும் அதில் வதக்காதீர்கள், பழக்கியது அத்தனையும் கரைந்துவிடும்.

12. மின்சாதனத்தின் முதல் ஓட்டம்

சந்தையில் ஓடியது என்பதற்காக வீட்டுப் பிளக்கில் நேரே சொருகாதீர்கள். பல நாள் மழையிலும் தூசியிலும் கிடந்த சாதனம் அது. முதலில் ஒயரை முழு நீளமும் வளைத்துப் பாருங்கள், உறை வெடித்திருந்தால் மாற்றுங்கள். உலோக உடல் உள்ள சாதனமென்றால் பிளக்கில் மூன்று முள்ளும் இருக்க வேண்டும்.

அதன்பின் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து சீரிஸ் போர்டில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்று சாதனத்துக்குத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃப்யூஸ் போகாது, சாதனமும் கருகாது. ஃபேன் என்றால் பல்பு மங்கலாக எரியும். உலோக உடலில் மின்கசிவு இருக்கிறதா என்றும் அப்போதே மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். எல்லாம் சரியென்றால் எர்த் இணைப்புள்ள பிளக்கில் மாட்டி, ஆள் பக்கத்திலேயே இருக்க, அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அணைத்த பிறகு மோட்டார் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடோ கருகல் வாடையோ வந்தால் மறுபடி ஓட்டாமல் அடுத்த வெள்ளிக்கிழமை அதே கடைக்கு எடுத்துப்போங்கள். பழகிய வியாபாரி பெரும்பாலும் வேறு பொருளாக மாற்றித் தருவார்.